இரு விழி, ஒரு காட்சி

மனிதரின் இரு கண்களுக்கு இடையே ஏறத்தாழ 6.5 செ.மீ. இடைவெளி உண்டு. அதனால் ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை ஒன்றாக இணைத்து ஆழத்தை உணர்கிறது. 1838ஆம் ஆண்டில் ஆங்கில அறிவியலாளர் சார்லஸ் வீட்ஸ்டன் இவ்வுண்மையைக் கருவி ஒன்றின் வழியே மெய்ப்பித்தார். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில், டேவிட் புரூஸ்டர் வடிவமைத்த வில்லைக் கருவி மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. முப்பரிமாணக் காட்சிக்கும் கண்காட்சிக்கும் உள்ள உறவு அத்துணைப் பழைமையானது.

கண்காட்சிக் கூடத்தில்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் ஒலி, ஒளிபரப்புத் தொழில்நுட்பக் கண்காட்சி நடைபெறுகிறது. 2009 டிசம்பரில் ‘அவதார்’ திரைப்படம் வெளிவந்தது. அதனை அடுத்து, 2010 ஏப்ரலில் நடைபெற்ற கண்காட்சியில் முப்பரிமாணக் கருவிகள் சிறப்பிடம் பெற்றன. அக்கூடத்திற்கு வந்த ஒளிப்பதிவாளர்கள் அங்கே, ஒரே தாங்கியில் பொருத்தப்பட்ட இரு கேமராக்களைக் கண்டனர்.

கேமராக்களை அருகருகே வைத்தால், அவற்றின் பருமனால் இரு வில்லைகளுக்கு இடையே உள்ள தொலைவு மிகுந்துவிடும். இதனைத் தவிர்க்க, 45 பாகைச் சாய்வில் பகுதி ஒளியை ஊடுருவவிடும் ஆடி ஒன்று பொருத்தப்படுகிறது. ஒரு கேமரா ஆடியினூடே நேராகப் படம்பிடிக்கிறது. மற்றொன்று அதில் எதிரொளிக்கும் காட்சியைப் பதிவு செய்கிறது. இதனால் வில்லைகளின் இடைவெளியை விரும்பியவாறு குறைக்க முடிகிறது. ஆனால், ஒவ்வொரு கேமராவிற்கும் ஏறத்தாழப் பாதி ஒளியே கிடைப்பதால், படப்பிடிப்புத் தளத்தில் விளக்கொளியைக் கூட்ட வேண்டியுள்ளது.

சிறுதிரையின் மயக்கம்

கூடத்தில் காட்சிகள் பெரும்பாலும் சிறு திரைகளிலேயே காட்டப்படுகின்றன. இங்குதான் விழிப்பு தேவைப்படுகிறது. தொலைவிலுள்ள மலை ஒன்றின் இடக்கண் படமும் வலக்கண் படமும் திரையின் அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு விலகியிருப்பதாகக் கொள்வோம். 1 மீட்டர் அகலத் திரையில் அவ்விலக்கம் 1 செ.மீ. மட்டுமே, கண்ணுக்கு அது இனிது. அதே படத்தை 12 மீட்டர் அகலத் திரையரங்கில் காட்டினால் விலக்கம் 12 செ.மீ. ஆகிவிடும். இது கண்களின் இடைவெளியை விஞ்சுவதால், அக்காட்சியை இணைத்துக் காணக் கண்கள் வெளிநோக்கித் திரும்ப வேண்டியிருக்கும். இயற்கை கண்ணுக்கு அப்பழக்கத்தை அளிக்கவில்லை. விளைவு, கண்வலியும் தலைவலியும்.

வரலாறு தரும் பாடம்

1952இல் ‘புவானா டெவில்’ திரைப்படத்துடன் அமெரிக்காவில் முப்பரிமாண அலை எழுந்தது. மறு ஆண்டில் வெளிவந்த ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ படத்தை இயக்கிய ஆந்த்ரே டி டாத் ஒரு கண்ணில் பார்வை இழந்தவர். தாம் காண இயலாத ஆழத்தைப் பிறருக்குக் காட்டியவர். எனினும் அவ்வலை சில ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. அந்நாளில் இரு படச்சுருள்களை இரு கருவிகளில் ஒருசேர ஓட்ட வேண்டியிருந்தது. ஒன்று சிறிது பிந்தினாலும் பார்வையாளரின் கண்கள் களைத்தன. அவ்வலை ஓய்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

எனவே, கண்காட்சிக்குச் செல்பவர் “உருவம் எவ்வளவு முன்னே பாய்கிறது?” என வினவுவதோடு நின்றுவிடலாகாது. “எவ்வளவு பெரிய திரைக்காக இது கணக்கிடப்பட்டது?” என்றும் வினவ வேண்டும். கருவிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, 6.5 செ.மீ. என்னும் அளவு மாறுவதில்லை. கண்ணின் எல்லையை மதிக்கும் கலையே பார்வையாளரை இருக்கையில் நிலைக்கச் செய்யும்.