லேப்டாப்புக்கு டாக் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் இருக்கும் ஆலத்தியூரை வெளியூர்க்காரர்கள் ராம்கோ சிமென்ட் ஆலையை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். 1997-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை அது. சுண்ணாம்புக்கல் லாரிகளின் இரைச்சல் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன ஒன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், இது போன்ற ஊர்களில் அதுவரை கணினியே இல்லாத வீடுகளுக்கும் லேப்டாப்பைக் கொண்டுவந்து சேர்த்தது. பாடம் படிக்க வந்த கருவியில் பாட்டும் கேட்டார்கள், கல்யாண வீடியோவும் எடிட் செய்தார்கள். இன்று அந்த மாணவர்கள் வேலைக்குப் போய்ச் சொந்தப் பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

ஆசையோடு வாங்கிய ஹெட்போனை லேப்டாப்பில் செருகினால் சிலருக்குச் சத்தம் போதுவதில்லை. சிலருக்குப் பாட்டின் அடியில் ஏதோ இரைகிறது. கேட்டவர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: வெளியே தனியாக ஒரு டாக், ஆம்ப் வாங்கி மாட்டு. கடைக்குப் போனால் சில நூறு ரூபாயில் தொடங்கி லட்சத்தைத் தாண்டியும் பெட்டிகள் இருக்கின்றன. எந்தக் குறையைத் தீர்க்க வாங்குகிறோம் என்பது தெரிந்துவிட்டால், பெரும்பாலானவர்கள் இந்த வரிசையின் ஆரம்பத்திலேயே நின்றுகொள்ளலாம்.

லேப்டாப்பில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள்தான். அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது டிஜிட்டல்-டு-அனலாக் கன்வர்ட்டர், சுருக்கமாக டாக். அந்தச் சிறு அலைக்கு ஹெட்போனை இயக்கும் அளவுக்கு வலுவூட்டுவது ஆம்ப்ளிஃபையர். இரண்டும் ஏற்கெனவே லேப்டாப்பின் உள்ளே இருக்கின்றன. வெளியே வாங்குவது, அதே வேலையைத் தனியாக, மின் இரைச்சல் இல்லாத இடத்தில் செய்யும் இன்னொரு ஜோடி.

இதில் டாக் செய்யும் வேலை எப்போதோ மலிவாகிவிட்டது. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒரு நொடி ஒலியை 44,100 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் 16 பிட்டில் எழுதுகிறது. மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் இது போதும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கும். பெட்டியின் மேல் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் மேயரும் மோரனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர ஒலித்தட்டுகளை நேரடியாகவும் சிடி தரத்துக்குக் குறைத்தும் மாறி மாறிக் கேட்க வைத்தார்கள். 554 முறை கேட்டதில் 276 முறைதான் சரியாகக் கண்டுபிடித்தார்கள். காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும்.

மூலமே சுருக்கப்பட்டதாக இருந்தால் டாக்கால் ஒன்றும் செய்ய முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரோ யூடியூபில் ஏற்றிய பழைய கேசட் பதிவில் தொலைந்துபோன நுணுக்கத்தை எந்த விலைக் கருவியும் மீட்டுத் தராது.

அப்படியானால் வெளி டாக் எப்போது உதவும்? முதல் காரணம் இரைச்சல். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றி, அமைதியான நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள். மவுஸை நகர்த்தும்போது மெல்லிய கிர்ர் என்ற ஒலி கேட்கிறதா? ஒரு பெரிய கோப்பைத் திறக்கும்போது அது மாறுகிறதா? கேட்டால், பிராசஸரும் மின்சுற்றுகளும் எழுப்பும் மின் இரைச்சல் ஒலிப் பாதைக்குள் கசிகிறது. 2005-இல் வெளியான இளையராஜாவின் திருவாசகம் போன்ற சிம்பொனிப் பதிவில், வாத்தியங்கள் அடங்கும் இடங்களில் இது நன்றாகவே உறுத்தும். லேப்டாப்பின் மின்சுற்றுப் பலகையை விட்டு வெளியே வந்த ஒரு சின்ன டாக் பெரும்பாலும் இதைத் தீர்த்துவிடும்.

அடுத்து சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். உம்ம் என்ற ரீங்காரம் உடனே நின்றால் குறை மின்சாரப் பக்கம் இருக்கிறது. எர்த் பின் இல்லாத சார்ஜரில் லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டாலே விரல் நுனியில் லேசாகச் சுர்ரென்று இருக்கும். மூன்று பின் பிளக்கும், சுவரில் உண்மையாகவே எர்த் இழுத்த பிளக் பாயின்ட்டும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதுதான் இதற்கு முதல் வைத்தியம். இந்தக் குறை உள்ள வீட்டில், தனியாகக் கரண்டில் செருகும் பெரிய ஆம்ப் வாங்கினால் ரீங்காரம் கூடவும் வாய்ப்புண்டு. யுஎஸ்பியிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் டாக்கே அங்கே நல்லது.

இரண்டாவது காரணம் சத்தம். இங்கேதான் கணக்கு வருகிறது. போர்வெல்லின் ஆழம் தெரியாமல் யாரும் மோட்டாரின் குதிரைத் திறனை முடிவு செய்வதில்லை. அதுபோல ஹெட்போனின் இரண்டு எண்களைப் பார்க்காமல் ஆம்ப் வாங்கக் கூடாது: ஓம் கணக்கில் சொல்லும் இம்பீடன்ஸ், டெசிபலில் சொல்லும் சென்சிடிவிட்டி.

மூன்று ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். 1991 முதல் ஸ்டுடியோக்களில் புழங்கும் சோனி எம்டிஆர்-7506, 63 ஓம். ஒரு மில்லிவாட்டுக்கு 106 டெசிபல். ஒரு வோல்ட் கொடுத்தாலே 118 டெசிபல் வரும், காது தாங்காத அளவு. இதற்குத் தனி ஆம்ப் வாங்குவது வீண் செலவு. அடுத்து சென்ஹைசர் எச்டி 650. 300 ஓம் என்றதும் பலர் பயப்படுவார்கள். ஆனால் ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபல் தரும். சிம்பொனியின் உச்சத்துக்கு 110 டெசிபல் வேண்டுமென்றாலும் சுமார் 2.2 வோல்ட் போதும். அதற்குச் செலவாகும் சக்தி 17 மில்லிவாட்தான். லேப்டாப்பின் ஜாக்கில் இவ்வளவு வராமல் போகலாம், விரல் அளவு டாங்கிள்கள் பலவற்றில் வந்துவிடும். மூன்றாவது ஹைஃபைமேன் எச்இ-6. 50 ஓம்தான், பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல் மட்டுமே. அதே 110 டெசிபலுக்கு 450 மில்லிவாட் வரை கேட்கும். இதற்குத்தான் மேசை மேல் வைக்கும் பெரிய ஆம்ப்.

ஒரே பெயரில் பல இம்பீடன்ஸில் வரும் மாடல்களும் உண்டு. பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் என மூன்று விதமாகக் கிடைக்கிறது. லேப்டாப்பில் நேராகச் செருகப் போகிறவர் 250-ஐ ஆர்டர் செய்துவிட்டால், அடுத்து ஆம்புக்கும் பணம் தேட வேண்டியிருக்கும்.

இயர்போனில் கேட்பவர்கள் ஆம்ப் பக்கத்து எண் ஒன்றையும் பார்க்க வேண்டும்: அவுட்புட் இம்பீடன்ஸ். ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் அது இருப்பது நல்லது. 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம். அதற்கு மேல் போனால், பல டிரைவர்கள் கொண்ட இயர்போன்களின் ஒலிச் சமநிலையே மாறிவிடும். புளூடூத் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் வேண்டாம். டாக்கும் ஆம்பும் அதன் உள்ளேயே இருப்பதால், வெளியில் எதை வாங்கினாலும் வயரில்லாமல் கேட்கும்போது பயன் இல்லை.

குறைந்த செலவில் தொடங்க நினைப்பவர்களுக்கு ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் நல்ல உதாரணம். அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்றது. ஒரு வோல்ட் அளவுக்கு அவுட்புட், அளவீடுகளில் பெரிய கருவிகளுக்கு ஈடுகொடுக்கும் சுத்தம். ஐரோப்பாவுக்கான மாடலில் பாதி வோல்ட்தான் வரும் என்பதால் எந்த மாடல் என்று பார்த்து வாங்க வேண்டும்.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. அரசு கொடுத்த ஆரம்பகால லேப்டாப்புகளில் யுஎஸ்பி-சி துளை கிடையாது. மாற்றி ஒன்று தேவைப்படும். புதிய டாக்குகள் பேசும் யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 முறை, 2017-இல் வந்த பதிப்பு முதல்தான் விண்டோஸ் 10-இல் தானாக வேலை செய்கிறது. விண்டோஸ் 7 என்றால் தனி டிரைவர் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் செருகியதும் ஓடும். ஆன்லைன் வகுப்பு, இன்டர்வியூ என்று பேசவும் வேண்டியவர்கள் மைக் வசதி உண்டா என்று கேட்டே வாங்க வேண்டும், பல டாக்குகளில் அது இல்லை. நாட்டுப்புறப் பாட்டையோ சொந்தக் குரலையோ பதிவு செய்கிறவர்களுக்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரியான ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். டாக், ஹெட்போன் ஆம்ப், மைக் இணைப்பு மூன்றும் ஒரே பெட்டியில் வந்துவிடும்.

மொத்தம் பத்தாயிரம் ரூபாய் கையில் இருந்தால் ஒன்பதாயிரத்தை ஹெட்போனில் போடுவது உத்தமம். காதில் விழும் வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. லாரி ஓடும் தெரு, தலைக்கு மேல் சுற்றும் ஃபேன் என்று வாழும் வீட்டில், பாட்டின் உச்ச ஒலியைவிட இரைச்சல் 100 டெசிபல் கீழே இருக்கும் டாக்குக்கும் 120 டெசிபல் கீழே இருக்கும் டாக்குக்கும் பேதம் தெரியாது. காதை மூடி நிற்கும் குளோஸ்டு-பேக் ஹெட்போன் அந்த வீட்டில் செய்யும் நன்மை அதைவிடப் பல மடங்கு.

ஆம்ப் வாங்கியவர்கள் ஒரு பழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்: வால்யூமைப் பூஜ்ஜியத்தில் வைத்துவிட்டு ஹெட்போனைச் செருகி, பிறகு மெல்ல ஏற்றுவது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலில் அந்த எல்லை 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். இந்தியத் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. ஆலையில் இரைச்சலான பகுதியில் ஷிப்ட் முடித்து வருபவரின் காது, அன்றைக்குத் தாங்க வேண்டியதை ஏற்கெனவே தாங்கிவிட்டது. ஓரிரு மணி நேரம் காதுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசுபவரின் குரல் கேட்கும் அளவில் வால்யூமை வைத்துக் கேட்பது அவருக்கு நல்லது.