பாட்டு பாடலாம், செய்தி சொல்லக் கூடாது!

புதுதில்லி: ஜான்சி நகரை அடுத்து, பேத்வா ஆற்றங்கரையில் அமைந்துள்ளது மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா. புந்தேலா மன்னர்களின் தலைநகராக விளங்கிய இச்சிற்றூருக்குக் கோட்டையையும், ராமரை அரசராகவே வணங்கும் ராம் ராஜா கோயிலையும் காணச் சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். சுற்றுவட்டார கிராமத்தினர் அறிந்த ஓர்ச்சாவுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. அது, 2008 அக்டோபரில் தொடங்கப்பட்ட "ரேடியோ புந்தேல்கண்ட்" எனும் சமுதாய வானொலி.

தில்லியைச் சேர்ந்த டெவலப்மென்ட் ஆல்டர்னேடிவ்ஸ் தொண்டு நிறுவனம் நிறுவிய இந்த நிலையத்தின் மொழி புந்தேலி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹிந்தியோடு சேர்த்து எண்ணப்படும் மொழி அது. மும்பைத் திரைப்பாடல்களை ஒலிபரப்ப நகரத்துப் பண்பலைகள் இருக்கின்றன. மஹோபா வீரர்கள் ஆல்ஹா, ஊதலின் கதையைக் கூறும் மழைக்காலப் பாட்டுக்கும், ஹோலிப் பண்டிகைக்குரிய "பாக்" பாடல்களுக்கும் அங்கே இடம் ஏது? அந்த இடத்தை ஓர்ச்சா நிலையம் அளித்தது. பிரபல தொலைக்காட்சிப் போட்டியின் பெயரைத் தழுவி "புந்தேலி ஐடல்" என்ற போட்டியையும் நடத்தி, வயலிலும் வீட்டுத் திண்ணையிலும் பாடிக் கொண்டிருந்தவர்களை ஒலிவாங்கி முன் நிறுத்தியது.

பாட்டோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த வறட்சியால் புந்தேல்கண்ட் விவசாயிகள் பிழைப்பு தேடி வெளியேறிய காலம் அது. 2009-ல் மத்திய அரசு இப்பகுதிக்கு ரூ.7,266 கோடி சிறப்புத் திட்டத்தை அறிவித்தது. நாடாளுமன்றத்திலும் இது பலமுறை விவாதிக்கப்பட்டது. பருவநிலை மாற்றத்தை விவசாயிகளின் பேச்சு வழக்கிலேயே விளக்க, "சுப் கல்" (நல்ல நாளை) என்ற நிகழ்ச்சியை வானொலி ஒலிபரப்பியது.

ஆனால், அந்தப் பணத்தில் தோண்டப்பட்ட கிணறு எங்கே என்று இந்த வானொலி கேட்டுவிட முடியாது. சமுதாய வானொலிகள் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்ப மத்திய அரசின் விதிகள் தடை விதிக்கின்றன. அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றமின்றி அப்படியே மறு ஒலிபரப்பு செய்ய மட்டும் அனுமதி உண்டு. வானிலை, மின்சாரம், குடிநீர் விநியோகம், வேலைவாய்ப்பு ஆகியவை குறித்த அறிவிப்புகள் செய்தியாகக் கருதப்படுவதில்லை. தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லலாம். ஏன் வரவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டால் வம்புதான்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995-ல். அதன் பின்னரும் கல்வி நிறுவனங்களுக்குக் கதவு திறக்க 2002 வரையும், தொண்டு நிறுவனங்களுக்குத் திறக்க 2006 நவம்பர் வரையும் ஆயின. இன்றைய தெலங்கானாவின் மாச்னூரில் தலித் பெண்கள் நடத்தும் "சங்கம் ரேடியோ", யுனெஸ்கோ உதவியுடன் 1990-களின் இறுதியிலேயே ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துவிட்டு, உரிமத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தது. 2008 அக்டோபரில் அதைத் தொடக்கி வைத்தவர், 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதி பி.பி. சாவந்த் என்பது பொருத்தமான தற்செயல்.

செய்தித் தடையை எதிர்த்து "காமன் காஸ்" அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்தது. நிகழ்ச்சிகளைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை, பாதுகாப்புக்கு ஆபத்து நேரலாம் என்று அரசு 2017-ல் பதிலளித்தது. ஜான்சியிலிருந்து வரும் நாளிதழ் எதையும் அச்சிடலாம். கிராமத்து இளைஞரின் செல்பேசியில் எந்த வதந்தியும் உலவலாம். பத்துப் பதினைந்து கி.மீ. தொலைவுக்கே எட்டும் 100 வாட் திறனுள்ள நிலையம் மட்டும் நாட்டின் பாதுகாப்பைக் குலைத்துவிடும் என்ற வாதம் விந்தையாகவே இருக்கிறது.

பணப் பிரச்னை தனி. 2024 பிப்ரவரியில் வெளியான திருத்தப்பட்ட விதிகளின்படி, விளம்பர நேரம் மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமானது. அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு ரூ.52-லிருந்து ரூ.74 ஆனது. பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் அந்த விகிதத்தில் மணிக்கு ரூ.5,328 கிடைக்கும். நிரப்புவதற்கு விளம்பரதாரர் வேண்டும். சிற்றூரில் அது எளிதல்ல. செய்தித் தடையோ அந்தத் திருத்தத்திலும் தொடப்படவில்லை.