கலமும் இறைச்சியும்: யூத உணவு நெறியில் ‘தகுதி’

புரட்டாசி பிறந்தால் கவுச்சிச் சட்டிகளை ஒதுக்கிவைக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இன்றும் காணலாம். அவ்வழக்கில் வளர்ந்த மாணவர்க்கு யூதரின் ‘கோஷர்’ நெறியைத் ‘தூய உணவு’ எனப் பெயர்த்துச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் எபிரேய மூலச்சொல் ‘தகுந்தது’ என்றே பொருள்படும். இவ்வேறுபாடு சிறியதன்று.

குளம்பு பிளந்து அசைபோடும் விலங்குகளே உண்ணத் தகுந்தவை. பயிற்சி பெற்றவர் பழுதற்ற கத்தியால் அறுத்தல் வேண்டும். அலகில் சிறு பிசிறு இருப்பினும் இறைச்சி விலக்கப்படும். பின்னர் நுரையீரலைச் சோதிப்பர். குருதி நீங்க, இறைச்சியை அரைமணி நேரம் நீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பிட்டு வடியவிட்டு, மும்முறை அலசுவர். குருதி மிகுந்த ஈரலுக்கு உப்பு போதாது. நெருப்பில் வாட்டியாக வேண்டும்.

கலங்களைப் பற்றிய விதிகள் இன்னும் நுட்பமானவை. சமைத்த பொருளின் சுவையைக் கலம் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய வழியிலேயே அதனை வெளியேற்ற வேண்டும் என்பது அடிப்படை. ஆகவே நீரில் வேகவைத்த உலோகப் பானையைக் கொதிநீரில் அமிழ்த்துவர். தீயில் நேரே வாட்டப் பயன்பட்ட கம்பியைப் பழுக்கக் காய்ச்சுவர். மட்கலத்திற்கு மீட்சியில்லை. பலியிறைச்சி வெந்த மட்பானையை உடைக்கவும், வெண்கலப் பானையைத் துலக்கி அலசவும் லேவியராகமத்தின் 6ஆம் அதிகாரம் பணிக்கிறது. தீட்டு நேர்ந்த வீட்டில் மட்பாண்டத்தைக் கழித்து, பித்தளையைப் புளியிட்டுத் துலக்கும் நம் பழைய வழக்கம் இங்கே நினைவுக்கு வரும். செயல் ஒன்றுபோல் தோன்றினும் கருத்து வேறு.

இறைச்சியும் பாலும் தனித்தனியே தகுதியுடையவை. இரண்டையும் சேர்த்துச் சமைப்பதும் உண்பதுமே விலக்கு. இரண்டில் எதுவும் அசுத்தமன்று. ஆயினும் இறைச்சி வெந்த பானையில் பால் காய்ச்சலாகாது. ‘தூய்மை’ என்னும் சொல்லால் இதனை விளக்கவே இயலாது. கொச்சி யூதர் இறைச்சிக் குழம்பில் தேங்காய்ப்பால் சேர்த்தனர். பெயரில் பால் இருப்பினும் அது தாவரப்பொருளாதலின் தடையில்லை. 1950களில் அவர்களுட் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர்.

மலேசிய மாணவர்க்கு அருகிலுள்ள ஒப்புமை ‘செர்து’. பன்றி அல்லது நாயின் தொடர்பால் மாசுற்ற கலத்தை ஏழு முறை கழுவுவர். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால். அங்கு நோக்கம் தூய்மையே. ஆகவே இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் ஆசிரியர், செர்துவுக்குத் ‘தூய்மை’ என்னும் சொல்லையும் கோஷருக்குத் ‘தகுதி’ என்னும் சொல்லையும் வேறுபடுத்தி ஆளலாம். தமிழாக்கம் தேடி இடர்ப்படுவதினும், ‘ஹலால்’ போலக் ‘கோஷர்’ என்றே எழுதுவதும் பிழையன்று.