உலர்பொடி அச்சு

பண்டை அச்சகங்களில் ஈயவெழுத்துக்களின்மேல் மை தடவிக் காகிதத்தை அழுத்தினர். லேசர் அச்சுப்பொறியிலோ ஈயவெழுத்தும் இல்லை. ஈர மையும் இல்லை. உலர்ந்த கரும்பொடி ஒன்றே காகிதத்தில் எழுத்தாக நிலைபெறுகின்றது. அஃது எங்ஙனம்?

இம்முறைக்கு வித்திட்டவர் செஸ்டர் கார்ல்சன் என்னும் அமெரிக்கர். காப்புரிமை அலுவலில் ஈடுபட்டிருந்த அவர், பத்திரங்களுக்குப் படி எடுப்பதில் உள்ள தொல்லையை நன்கு உணர்ந்தவர். நியூயார்க்கு நகரத்து அஸ்டோரியாவில் 1938ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 22ஆம் நாள், உதவியாளர் ஒருவருடன் அவர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினார். அந்நாளும் அவ்வூர்ப் பெயரும் மையால் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மீது வைத்து ஒளி பாய்ச்சினார். ஒளி பட்ட இடங்களில் மின்னூட்டம் நீங்கிற்று. எழுத்தின் நிழல் விழுந்த இடங்களில் தங்கிற்று. மேலே தூவிய நுண்பொடி எழுத்துக்களில் மட்டும் ஒட்டிநின்றது. மெழுகுத்தாளில் அதனை ஒற்றிச் சூடேற்றவே, மெழுகு இளகிப் பொடியைப் பற்றிக்கொண்டது.

இத்தகைய அரும்பொருளை இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வேண்டா என ஒதுக்கின. கார்ல்சன் சோர்ந்திலர். 1944இல் பேட்டல் நினைவு ஆய்வுக்கழகம் அவருக்குத் துணைநின்றது. 1959இல் ஜெராக்ஸ் 914 என்னும் படிப்பொறி வெளிவந்தது. பின்னர் அந்நிறுவனத்துக் கேரி ஸ்டார்க்வெதர், லேசர் ஒளிகொண்டே எழுத்தை வரையலாம் எனக் கண்டு, 1971ஆம் ஆண்டளவில் அதற்குரிய பொறியையும் அமைத்தார்.

லேசர் அச்சுப்பொறியின் உள்ளே உருளை ஒன்று சுழல்கின்றது. பெரும்பாலான பொறிகளில் அதன் மேற்பரப்பு முழுவதும் முதலில் எதிர்மின்னூட்டம் பெறும். எழுத்து அமைய வேண்டிய இடங்களை லேசர்க்கதிர் தொட்டுச் செல்லும். ஆங்கெல்லாம் மின்னூட்டம் வடிந்துபோகும். டோனர் என்னும் பொடியும் எதிர்மின்னூட்டம் உடையதே. ஆதலின் அது மின்னூட்டம் உள்ள இடங்களால் விலக்கப்பட்டு, வடிந்த இடங்களில் சென்று படியும். கார்ல்சன் கண்ட காட்சிக்கு இது நேர்மாறு! காகிதத்தின் பின்புறம் நேர்மின்னூட்டம் அளிக்கப்பெறுதலின், பொடி உருளையை விட்டுக் காகிதத்துக்குத் தாவும். காகிதம் ஈரம் ஏறியதாயின் மின்னூட்டம் கசிந்துவிடும், எழுத்தும் மங்கும்.

இந்நிலையில் விரலால் துடைத்தால் எழுத்து முழுவதும் அழிந்துபோகும். அதனை நிலைநிறுத்துவது வெப்பமே. டோனர் வெறுங்கரியன்று, எளிதில் இளகும் பிளாஸ்டிக்கே அதில் மிகுதி. ஏறத்தாழ 200 பாகை செல்சியசு வெப்பமுள்ள உருளைக்கும் அதனை அழுத்தும் மற்றோர் உருளைக்கும் இடையே காகிதம் நசுங்கிச் செல்லுங்கால், பொடி இளகிக் காகித இழைகளுள் புகுந்து இறுகும். இளகிய பொடி சூடான உருளையிலேயே ஒட்டிக்கொள்ளாதவாறு அதன்மேல் டெஃப்லான் போன்ற வழுக்குப்பொருளைப் பூசுவர்.

வெப்பத்தை அடக்கியாளுதல் தொடக்கத்தில் எளிதாயில்லை. ஜெராக்ஸ் 914 பொறியில் சிக்கிய காகிதம் கருகித் தீப்பற்றுவதும் உண்டு. எனவே பொறியுடன் சிறிய தீயணைப்புக் கருவி ஒன்றும் வழங்கப்பட்டது. வாங்குவோர் அஞ்சாதிருத்தற்பொருட்டு அதற்குக் 'கருகல் நீக்கி' என்று பெயரிட்டனர்.