அளவு சொல்லும் அன்பு

முதுமையும் நாமும் – 9

சென்ற வாரம், ஓய்வுபெறும் தோட்டத் தொழிலாளியின் கைக்கு வந்து சேரும் பணத்தைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அவர் கையில் மிஞ்சும் நேரத்தைப் பற்றி. பொல்பிட்டிய, லக்சபான, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்தே காலம் கழித்த ஒரு பெண்ணின் பொழுதை அத்தனை வருடமும் பிறர்தான் அளந்தார்கள். காலைப் பெரட்டு, மலைக்கு ஏறும் நேரம், கொழுந்து நிறுக்கும் நேரம், இத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் (முழு நாள் கூலி), குறைந்தால் அரைப்பேர் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. செக்ரோலில் பெயர் வெட்டப்பட்ட மறுநாள் அந்தக் கணக்கு நின்றுவிடுகிறது. வீட்டிலோ எந்தக் கணக்கும் தொடங்குவதில்லை. பேரப்பிள்ளை, அடுப்பு, தண்ணீர், விறகு, பக்கத்துக் காம்பராவின் கிழிந்த சட்டை எல்லாமே “அம்மாயி சும்மாதானே இருக்கு” என்ற பேச்சோடு அவரிடம் வந்து சேருகின்றன. வயதான காலத்தில் சொந்தங்களோடு மனம் கசக்காமல் வாழ, ‘சரி’ என்பதும் ‘முடியாது’ என்பதும் போதாது. ‘இவ்வளவு முடியும்’ என்று சொல்லத் தெரிய வேண்டும். அப்படிச் சொல்லப் பழகுவதற்கு வீட்டுக் கைவேலை நல்ல பிடிமானம் என்பதே என் வாதம்.

கைவேலை எப்படிப் பிடிமானமாகும் என்பதை ஒரு கால்மிதியை வைத்தே பார்க்கலாம். பழைய சேலையை இரண்டு விரல் அகல நாடாக்களாகக் கிழித்து, மூன்று நாடாவை ஒன்றாக முடிந்து, சடையாகப் பின்னிக்கொள்ள வேண்டும். பின் அந்தச் சடையை நடுவிலிருந்து சுருட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு ஊசியால் பிடித்துத் தைக்க வேண்டும். இழுத்துத் தைத்தால் நடுவில் குழிந்துவிடும். தளரவிட்டால் விளிம்பு நெளியும். தட்டையாகப் படிய வேண்டுமானால் தரையில் விரித்து வைத்தபடியே தைக்க வேண்டும். தவழும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது ஊசியையும் கத்தரிக்கோலையும் இப்படித் தரையில் பரப்ப முடியாது. நாற்பது வயதுக்குப் பிறகு கிட்டப் பார்வை மங்குகிறது; அறுபதில் ஊசியில் நூல் கோக்கவே நல்ல வெளிச்சம் தேவை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் இந்தச் சரிவுகளில் மதியம் திரும்பினால் லயத்துக்குள் இருட்டிவிடும். ஆகவே கைவேலைக்கு உகந்த நேரம் காலையில் சில மணித்தியாலம்தான். மகளோ மருமகளோ பிள்ளையை அவரிடம் விட்டு மலையில் நிற்பதும் அதே நேரத்தில். இந்த உரசலில் யாருடைய பாசத்திலும் குறையில்லை. ஒரே வெளிச்சத்தை இரண்டு வேலைகள் கேட்கின்றன. இதை இருவரும் புரிந்துகொண்டாலே பாதிக் கோபம் தணிந்துவிடும்.

பேரப்பிள்ளையைப் பார்ப்பது பாட்டிக்கு நல்லதா, பாரமா? இரண்டும்தான் என்கிறது அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் நடந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வு. 57 முதல் 68 வயது வரையான 186 பெண்களின் நினைவாற்றலையும் சிந்தனை வேகத்தையும் அது சோதித்தது. வாரத்தில் ஒரு நாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமார் சில சோதனைகளில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஐந்து நாளோ அதற்கு மேலோ பார்த்தவர்கள் ஒரு சோதனையில் பின்தங்கினார்கள். சிறிய ஆய்வு இது. எதனால் எது வந்தது என்று அதைக்கொண்டு முடிவு கட்ட முடியாது. மெல்பேர்ண் பாட்டிக்கு உள்ள வசதி லயத்துப் பாட்டிக்கு இல்லை என்பதும் உண்மை. ஆனாலும் அது எழுப்பும் கேள்வி இங்கும் செல்லும்: பார்ப்பதா, வேண்டாமா என்பதைவிட எவ்வளவு பார்ப்பது என்பதல்லவா பெரிய கேள்வி? அளவுக்கு நம் பக்கத்துத் தண்ணீரையே பாருங்கள்: காசல்ரீ, மவுசாக்கலை ஆகிய இரண்டு நீர்த்தேக்கங்களின் தண்ணீரும் மேலேயுள்ள மின்நிலையங்களைக் கடந்து லக்சபான குளத்தில் சேர்ந்துதான் பொல்பிட்டிய மின்நிலையத்துக்கு வருகிறது. அங்கே அளந்து திறக்க ஒரு மடை இருக்கிறது. குடும்பத்தில் எல்லாருடைய தேவையும் கடைசியில் வந்து சேரும் இடமான அம்மாயியிடம் அந்த மடைதான் இல்லை.

“அம்மாயி அளவு பார்த்தால் மகளின் பேர் போய்விடுமே” என்று உடனே ஒரு மறுப்பு எழும். நியாயமான மறுப்பு. 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாகவும் ஆன நாட்கூலியில் ஒரு பேரை இழப்பது எந்த வீட்டுக்கும் சிறிய இழப்பு இல்லை. ஆனால் பிள்ளையைப் பார்க்க அம்மாயியை விட்டால் வேறு வழியே இல்லை என்பது முழு உண்மையும் அல்ல. தோட்டங்களில் பிள்ளைக் காம்பரா இருப்பதே தாய்மார் வேலைக்குப் போவதற்காகத்தான். “செவ்வாயும் வெள்ளியும் புள்ளயப் பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டுப் போம்மா, மத்த நாளு நான் பாத்துக்குறேன்” என்று சொல்லும் அம்மாயி யாரையும் கைவிடவில்லை. பிள்ளைக் காம்பரா சரியில்லை என்றால் அதைச் சரிசெய்யும்படி தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் கேட்க வேண்டும். கிழவியின் முதுகில் அந்தக் குறையை ஏற்றி மூடிவிட்டால், சரிசெய்ய வேண்டியவர்கள் கடைசிவரை கேள்விக்கு ஆளாவதே இல்லை. மகள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன வீட்டில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே பாட்டிக்கு நாள் கணக்கே கிடையாது, வருடக் கணக்குத்தான். பிள்ளைகளின் செலவுக்கு மாதம் எவ்வளவு வரும், பாட்டிக்குக் காய்ச்சல் கண்டால் பிள்ளையை யார் ஏற்பார் என்ற இரண்டையும் மகள் விமானம் ஏறுமுன் பேசி முடிப்பதுதான் அங்கே எல்லை.

“பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் எல்லை எங்கே போடுவது?” என்பது அடுத்த கேள்வி. சுவர் எழுப்ப இடமில்லாத வீட்டில் எல்லையை நேரத்தில்தான் போட வேண்டும். இஸ்தோப்பில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால், அல்லது வயர்க் கூடையை மடியில் எடுத்தால், அது வேலை நேரம் என்று வீட்டார் பழக வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரை எழுப்புவதற்கு யாரும் யோசிப்பதில்லை. பாதி முடைந்த கூடை கையில் இருந்தால் ஒரு கணம் தயங்குவார்கள். அந்தத் தயக்கம்தான் மரியாதையின் தொடக்கம். வாழ்நாள் முழுவதும் வேலையால் மட்டுமே மதிக்கப்பட்டவருக்கு ஓய்வைக் கேட்பது கூச்சமாக இருக்கும், வேலைக்கு நேரம் கேட்பது இருக்காது. வெறும் ஓய்வுக்கும் அவருக்கு உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கேட்கப் பழகும் முதல் படியாகக் கைவேலை துணை நிற்கும்.

அந்தக் கைவேலைக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. ஒருவருக்குத் தையல் தெரியும் என்று லயத்தில் பரவிவிட்டால், சட்டைக்குக் கை வைப்பதில் தொடங்கி பள்ளிக்கூட உடுப்பைச் சுருக்குவது வரை வரிசையாக வரும். ஊசியும் நூலும் தம் காசு, கண் தம் கண், நன்றி மட்டும் பிறருடையது என்று ஆகிவிடுகிறது. வருகிற வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பேரனின் பிறந்த நாளுக்கும் சாமி காரியத்துக்கும் தைப்பது அன்பளிப்பு, அதற்குக் காசு வேண்டாம். பக்கத்துக் காம்பராவின் சிறு கிழிசலுக்கு நூல் காசு. முழுச் சட்டை தைத்தால் கூலி, அதுவும் துணியை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். தைத்துக் கொடுத்த பிறகு விலை சொன்னால்தான் மனஸ்தாபம் வரும். “இந்தக் கிழமை ரெண்டு உருப்படிதான் தைப்பேன், உன்னோடத அடுத்த கிழமை எடுத்துக்குறேன்” என்ற பதில் யாரையும் புண்படுத்தாது. முகத்துக்கு அஞ்சி வாங்கி வைத்து, வரும்போதெல்லாம் சாக்குச் சொல்வதுதான் புண்படுத்தும்.

எல்லாவற்றிலும் ஆழமான மறுப்பு பயத்திலிருந்து வருகிறது. “இன்றைக்கு அளவு சொன்னால், நாளை படுக்கையில் விழும்போது யார் பார்ப்பார்கள்?” இந்தப் பயம்தான் வயதானவர்களை எல்லாவற்றுக்கும் தலையாட்ட வைக்கிறது, சென்ற வாரம் பார்த்த பணத்தையும் கை நழுவவிட வைக்கிறது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்கூலி பெற்றவருக்கு ஒரு வருடச் சேவைக்கு 14 நாள் சம்பளம். 35 வருடம் உழைத்தவருக்கு 2024 இன் 1350 ரூபாக் கணக்கில் பார்த்தால் 6,61,500 ரூபா வரும். ‘எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே’ என்று அது ஒரே மாதத்தில் பிரிந்துவிட்டால், அதன்பின் நூல் வாங்கவும் பிள்ளைகளிடம்தான் கையேந்த வேண்டும். பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோர அது ஒரு சபையையும் அமைத்தது. பேரப்பிள்ளையைப் பார்த்திருந்தால்தான் கவனிப்பு என்று அந்தச் சட்டம் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. சட்டத்தைக் காட்டிப் பாசத்தை வாங்க முடியாது என்பது உண்மையே. ஆனால் உடம்பு தேயும்வரை எதற்கும் மறுப்புச் சொல்லாதிருப்பதாலும் அதை வாங்க முடியாது. உள்ளுக்குள் புழுங்கியபடி செய்த உதவி ஒருநாள் வார்த்தையாக வெடிக்கும். மருமகள் மனதில் நிற்பது அந்த வார்த்தைதான், முன்பு செய்த உதவி அல்ல.

ஆகவே வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கு ஒன்று: உங்கள் அளவைச் சண்டை நடக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள், எல்லாரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சொல்லுங்கள். எதைச் செய்ய மாட்டேன் என்பதை விட்டு, எதை உறுதியாகச் செய்வேன் என்பதில் தொடங்குங்கள். சொன்ன அளவைத் தவறாமல் செய்து கொடுங்கள். இளையவர்களுக்கு ஒன்று: கேட்குமுன் “இன்னிக்கு என்ன வேலை வச்சிருக்கீங்க அம்மாயி?” என்று விசாரியுங்கள். நாற்பது வருடம் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அளந்த பொழுதை இனியாவது அவரே அளக்கட்டும். அவர் மனமறிந்து தரும் இரண்டு மணித்தியாலம், மனமில்லாமல் தரும் பத்து மணித்தியாலத்தைவிடப் பிள்ளைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அடுத்த வாரம்: இதே கேள்வி தாத்தாமார் பக்கம் ஏன் எழுவதே இல்லை என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)