ஆறு மாதத் தவணை

இந்தத் தொடரில் இந்த வாரம் தாமஸ் ஃப்ரீட்மன். 1995 முதல் நியூயார்க் டைம்ஸில் வெளியுறவுப் பத்தி எழுதிவருபவர். மூன்று முறை புலிட்சர் பரிசு பெற்றவர். அவரை நான் கடுமையாகவே விமர்சிக்கப் போகிறேன். அதற்கு முன் 1982 செப்டம்பரைச் சொல்லியாக வேண்டும்.

அப்போது அவருக்கு 29 வயது, பெய்ரூட்டில் நிருபர். சப்ரா, ஷத்திலா பகுதிக்குள் லெபனானின் கிறிஸ்தவ ஆயுதக் குழுவான ஃபலாஞ்சிஸ்ட் படையினர் புகுந்து பாலஸ்தீன அகதிகளைக் கொன்று குவித்தார்கள். சுற்றிலும் இஸ்ரேலிய ராணுவம் நின்றிருந்தது. கொலையாளிகள் எப்போது நுழைந்தார்கள், இஸ்ரேலியத் தளபதிகளுக்கு எப்போது என்ன தெரியும் என்று பலரையும் விசாரித்து அவர் எழுதிய நீண்ட செய்தி இன்றும் படிக்கத் தகுந்தது. 1983இல் முதல் புலிட்சரைப் பெற்றுத் தந்தது அந்த உழைப்புதான். விசாரிக்கத் தெரிந்த மனிதர் விசாரிப்பதை விட்டுவிட்டார் என்பதே என் கோபம்.

பத்தியாளரானதும் அவருக்கு ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள ஓர் உவமை போதுமானதாயிற்று. மெக்டொனால்ட்ஸ் கடை உள்ள இரு நாடுகள், கடை வந்த பிறகு ஒன்றோடொன்று போரிட்டதில்லை என்று 1996 டிசம்பரில் எழுதினார். அந்தக் கோட்பாட்டைத் தாங்கிய புத்தகம் 1999இல் வந்தது. அந்த ஆண்டே நேட்டோ விமானங்கள், மெக்டொனால்ட்ஸ் கடைகள் இருந்த பெல்கிரேடில் குண்டு வீசின. இந்தியாவுக்கு அந்தக் கடை 1996இல் வந்தது, பாகிஸ்தானுக்கு 1998இல். 1999 கோடையில் கார்கில் மலைகளில் 500க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். கோட்பாட்டை அவர் கைவிடவில்லை. 2005இல் மெக்டொனால்ட்ஸ் இருந்த இடத்தில் டெல் கணினி நிறுவனத்தின் விநியோகச் சங்கிலியைக் கொண்டுவந்து வைத்தார்.

ஈராக்கில் இந்தப் பழக்கம் உயிர்களோடு விளையாடியது. 2003 மே மாதம் சார்லி ரோஸின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பேசியபோது, அமெரிக்கா சவூதி அரேபியாவை அடித்திருக்கலாம், பாகிஸ்தானை அடித்திருக்கலாம், ஈராக்கை அடித்ததற்குக் காரணம் அதை அடிக்க முடிந்ததே என்ற பொருளில் சொன்னார். அந்த நவம்பரில், அடுத்த ஆறு மாதங்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று எழுதினார். 2004இல் அபு கிரைப் சிறைப் படங்கள் வெளிவந்தன. ஃபலூஜா இரண்டு முறை போர்க்களமானது. 2006 பிப்ரவரியில் சமாராவின் பொற்கூரை மசூதி தகர்க்கப்பட்டு, ஷியா - சுன்னி வெட்டுக்குத்து தெருத்தெருவாகப் பரவியது. ஃப்ரீட்மனுக்கோ இன்னும் ஓர் ஆறு மாதம் தேவைப்பட்டது.

ஊடகங்களைக் கண்காணிக்கும் ஃபேர் அமைப்பு 2006 மே மாதம் அவருடைய எழுத்தையும் பேச்சையும் வரிசைப்படுத்தியது. இரண்டரை ஆண்டுகளில் இதே தவணையை அவர் 14 முறை கேட்டிருந்தார். ஏட்ரியோஸ் என்ற பெயரில் எழுதிய டங்கன் பிளாக், ஆறு மாதக் காலத்துக்கு 'ஃப்ரீட்மன் அலகு' என்று பெயர் சூட்டினார். பத்திரிகையாளர் மாட் டைபி அதற்கு முந்தைய ஆண்டே அவருடைய உவமைகளைக் கிழித்து எழுதிய மதிப்புரையும் பரவலாகப் படிக்கப்பட்டது. இவை பொறாமையில் பிறந்த கேலிகள் என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பத்திரிகையின் ஆசிரியர் குழு பார்த்திருக்க வேண்டிய கணக்கை நையாண்டி எழுதியவர்கள் பார்த்தார்கள். செய்தியில் ஓர் ஊர்ப் பெயர் பிழையாக வந்தாலே மறுநாள் திருத்தம் போடுகிற பத்திரிகை அது.

2006 ஜூலையில் மத்திய அமெரிக்க வர்த்தக ஒப்பந்தம் பற்றிய பேச்சு வந்தது. அதில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஆதரித்து எழுதியதாக அவரே தொலைக்காட்சியில் சொன்னார். பத்தி தொடர்ந்தது. 2022இல் அதிபர் பைடன் அவரை வெள்ளை மாளிகைக்கு மதிய உணவுக்கு அழைத்தார். அவர் எழுதுவதை அதிகாரம் படிக்கிறது. அதனால்தான் நாமும் எழுத்தெண்ணிப் படிக்க வேண்டியிருக்கிறது.

2017 நவம்பரில் ரியாத் சென்ற ஃப்ரீட்மன், பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானோடு ஓர் இரவு பேசிவிட்டு, அரபு வசந்தம் ஒருவழியாகச் சவூதிக்கு வந்துவிட்டதாக எழுதினார். எழுத்தாளர்களும் மதகுருக்களும் அங்கே கைதாவதைப் பற்றி, அதற்கு இரண்டு மாதம் முன்பே, நாட்டைவிட்டு வெளியேறியிருந்த ஒரு சவூதிப் பத்திரிகையாளர் வாஷிங்டன் போஸ்டில் எழுதத் தொடங்கியிருந்தார். 2018 அக்டோபர் 2 அன்று இஸ்தான்புல்லில் உள்ள சவூதித் துணைத் தூதரகத்துக்குள் நுழைந்த அந்த ஜமால் கஷோகி கொல்லப்பட்டார். ஃப்ரீட்மனும் அவருக்காக வருந்தி எழுதினார். கஷோகி எழுதிய பத்திகளை அடுத்த வாரம் பார்ப்போம்.