முட்டைக்கு முன்பே சோறு: வீட்டில் கோமாளி மீன் குஞ்சு வளர்ப்பது எப்படி?

சென்னை கொளத்தூரில் நாலு கப்பி மீன் வாங்கி வந்து தொட்டியில் விட்டவர்களுக்குத் தெரியும். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் செடி இடுக்கில் கடுகு போலக் கண்கள் தெரியும். தீவனத்தை விரலால் நுணுக்கித் தூவினால் போதும், குஞ்சுகள் பிழைத்துக்கொள்ளும்.

அந்த நம்பிக்கையோடு கடல் மீன் வளர்க்க வருகிறவருக்கு முதல் அடி பலமாக விழுகிறது. ஜோடி சேர்கிறது, முட்டையிடுகிறது, நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிகிறது. மூன்றாம் நாள் பார்த்தால் தொட்டி வெறுமையாக இருக்கிறது. நோய் வந்ததா, தண்ணீர் கெட்டதா என்று அவர் தேடுகிறார். பெரும்பாலும் அவை பசியால் செத்திருக்கும்.

கப்பி முழு மீனாகப் பிறக்கிறது. பெரும்பாலான கடல் மீன்களின் குஞ்சு பாதி உருவத்தோடுதான் முட்டையை விட்டு வெளியே வருகிறது; அதை லார்வா என்கிறோம். வயிற்றிலுள்ள மஞ்சள் கரு அதிக நாள் தாங்காது. அதன் வாய்க்குள் நுழையும் அளவில், உயிரோடு, கண்ணெதிரே அசைகிற இரைதான் அதற்கு உணவு. பொடித் தீவனம் தூவினால் அதை உணவென்றே அது அறியாது. ஆகவே கடல் மீன் குஞ்சு வளர்க்க விரும்புகிறவர் முதலில் அந்த இரையை வளர்க்கக் கற்க வேண்டும். மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் கோமாளி மீன்?

ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டைகளோடு கடல் சாமந்திக்குள் வாழும் மீன் கோமாளி மீன். உலகில் ஏறத்தாழ 30 இனங்கள் உண்டு. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தால் குழந்தைகளுக்கும் பழகிய மீன். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மார்ட்டின் மோ போன்றவர்கள் 1970களின் தொடக்கத்திலேயே இதை வணிக அளவில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். நம் ஊரில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களை இனப்பெருக்கம் செய்திருக்கின்றன.

வீட்டில் தொடங்க இதைவிடத் தோதான கடல் மீன் குறைவு. இது முட்டையைக் கல்லில் ஒட்டிவைத்துக் காவல் காக்கும். முட்டையும் பெரிது, சுமார் 2 மில்லிமீட்டர் நீளம். அதிலிருந்து வரும் லார்வா 3, 4 மில்லிமீட்டர் இருக்கும்; பிறந்தவுடன் கண் தெரியும், வாய் திறக்கும். நீல டாங் மீனோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முட்டைகளை நடுநீரில் மிதக்கவிட்டுப் போய்விடும். பொரியும்போது அதன் லார்வாவுக்கு வாய்கூடத் திறந்திருக்காது. அந்த மீனைத் தொட்டியில் குஞ்சு நிலையிலிருந்து வளர்த்தெடுக்க ஃப்ளோரிடா ஆய்வாளர்களுக்கே 2016 வரை ஆனது.

ஜோடி சேர்ப்பது

கோமாளி மீன்கள் எல்லாமே முதலில் ஆண் தன்மையோடுதான் வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும்; அதற்கு அடுத்தது அதன் இணையான ஆண். பெண் செத்துப்போனால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். பெண்ணானது திரும்ப ஆணாவதில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் ஜோடி சேர்ப்பது எளிது. பண்ணையில் பொரித்த இளம் மீன்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் பார்த்து இரண்டு வாங்கி ஒன்றாக விட வேண்டும். பெரியது சிறியதைத் துரத்தும். சிறியது உடலை நடுக்கிப் பணிந்துபோகும். அந்த நடுக்கம் வந்தால் ஜோடி அமைகிறது என்று பொருள். முட்டையிட ஓர் ஆண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பொறுமை வேண்டும்.

தொட்டி 100 லிட்டர் இருந்தால் போதும். சாமந்தி கட்டாயம் இல்லை. சாய்த்து வைத்த மண் பூந்தொட்டியோ ஓட்டுத் துண்டோ அந்த இடத்தை நிரப்பும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. நீரில் கடல் உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கரைத்துப் பயன்படுத்துவது நல்லது. சமையல் உப்பு கூடாது. வெப்பம் 26 முதல் 28 டிகிரி செல்சியஸ். பொடியாக நறுக்கிய இறால், கணவாய், மட்டிச் சதை என்று மாற்றி மாற்றி நாளைக்கு இரண்டு மூன்று முறை கொடுத்தால் முட்டையில் சத்து சேரும்.

உறை மோர் போல ஒரு வாளி

இரண்டும் சேர்ந்து ஓட்டை வாயால் கடித்துக் கடித்துத் துப்புரவு செய்யத் தொடங்கினால் முட்டை வரப்போகிறது. இரைக்கான வாளி அதற்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த இரையின் பெயர் ரோட்டிஃபர். 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை உள்ள நுண்ணுயிர். வெறுங்கண்ணுக்குத் தூசி மிதப்பதுபோலத் தெரியும். மெதுவாக நீந்துவதால் லார்வாவுக்குப் பிடிக்க எளிது. அந்த ரோட்டிஃபருக்கும் சாப்பாடு வேண்டும்: நானோகுளோராப்சிஸ் என்னும் நுண்பாசி. ஆகப் பாசி வளர்த்து, பாசியால் ரோட்டிஃபர் வளர்த்து, ரோட்டிஃபரால் மீன் வளர்க்கிறோம்.

பாசிக்கு இரண்டு லிட்டர் பாட்டில்கள் போதும். உப்பு நீர், பாசிக்கான உரக் கரைசல், ஏர் பம்ப்பிலிருந்து ஒரு குழாய், நாளெல்லாம் எரியும் ஒரு எல்.இ.டி. விளக்கு. விதைப் பாசி ஊற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் நீர் கரும்பச்சையாகும். பாசி வளர்க்க வாய்க்காதவர்கள் கடையில் கிடைக்கும் பாசி விழுதை வாங்கலாம்.

ரோட்டிஃபருக்கு 20 லிட்டர் வாளி, மெதுவாகக் குமிழியிடும் காற்று, தினமும் பச்சை நீர். வாளி நீர் வெளிறினால் பசி. இளம்பச்சையாக இருந்தால் வயிறு நிறைந்திருக்கிறது. நல்ல நிலையில் ஒன்றிரண்டு நாளில் எண்ணிக்கை இரட்டிக்கும். தினம் கால் வாளியை எடுத்து மெல்லிய சல்லடைத் துணியில் வடிகட்டி அறுவடை செய்து, அதே அளவு புதிய உப்பு நீரை ஊற்றி வைப்போம்.

நம் வீடுகளில் தயிர் தோய்ப்பதும் இப்படித்தான். இன்றைய தயிரில் ஒரு கரண்டியை நாளைக்கு உறை ஊற்ற எடுத்து வைக்காவிட்டால் மறுநாள் தயிர் இல்லை. ரோட்டிஃபர் வாளியும் திடீரென ஒரே இரவில் செத்துப்போகக்கூடியது. அதனால் எப்போதும் இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். பாசிக்குப் போட்ட குழாயையும் குவளையையும் ரோட்டிஃபரிடம் கொண்டுபோகாதீர்கள். ஒரு துளி ரோட்டிஃபர் பாசி பாட்டிலில் விழுந்தால் சில நாளில் பாட்டில் பச்சையையே தின்று தீர்த்துவிடும்.

எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போடலாம். லார்வா தொட்டி 20 லிட்டர் என்றால் 20,000 மில்லிலிட்டர். ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து ரோட்டிஃபர் இருந்தால்தான் குஞ்சு அலையாமல் வயிறு நிரப்ப முடியும். அதாவது 2 லட்சம் ரோட்டிஃபர். நன்றாக வளர்ந்த வாளியில் மில்லிலிட்டருக்கு 100 இருக்கும். அதிலிருந்து 2 லிட்டர் வடிகட்டினால் கணக்கு நேராகிவிடும். முட்டையைப் பார்த்த பிறகு வாளியைத் தேடினால் இந்தக் கணக்கு எட்டாது.

பொரியும் இரவு

முதலில் முட்டைகள் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாளாக ஆகக் கருக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறி, வாயால் துடைத்து, கெட்ட முட்டைகளைப் பொறுக்கித் தின்னும். புதிய ஜோடி முதல் சில முறை எல்லா முட்டையையும் தின்றுவிடுவதும் உண்டு. பழகப் பழகச் சரியாகிவிடும்.

27, 28 டிகிரியில் ஏழெட்டு நாளில் பொரியும். முட்டைக்குள் வெள்ளி நிறக் கண்கள் மின்னினால் அன்று இரவோ மறுநாள் இரவோ பொரியும். விளக்கை அணைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் நடக்கும்; அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். அன்று மாலையே ஓட்டை நீருக்குள் வைத்தபடியே ஒரு பாத்திரத்தில் ஏந்தி லார்வா தொட்டிக்கு மாற்றலாம். தொட்டியில் தாய்த் தொட்டி நீரே இருக்கட்டும். தகப்பன் விசிறிய வேலையை ஓட்டின் அருகே எழும் ஏர் ஸ்டோன் குமிழிகள் செய்யும்.

ஓட்டை எடுக்க முடியாவிட்டால், பொரிந்தபின் தொட்டியின் ஒரு மூலையில் டார்ச் அடித்தால் லார்வாக்கள் வெளிச்சத்துக்குக் கூடும். குவளையால் நீரோடு மொண்டு மாற்றுங்கள். வலை போடவே கூடாது. அந்த உடம்பு தாங்காது.

முதல் பத்து நாள்

லார்வா தொட்டியின் பக்கங்களைக் கறுப்புத் தாளால் மூட வேண்டும். வெளிச்சத்தை நாடும் லார்வா மினுங்கும் கண்ணாடியில் மோதி மோதிச் சாகும். கறுப்பு நிறம் அதைத் தடுக்கும். இரையும் எடுப்பாகத் தெரியும். மேலிருந்து மங்கலான விளக்கு போதும். நீரில் இளம்பச்சையாகப் பாசி கலந்துவிட்டால் கூச்சம் குறையும்; தொட்டிக்குள் இருக்கும் ரோட்டிஃபரும் பட்டினி கிடக்காது.

இங்கே சத்து பற்றி ஒன்று. ஈஸ்ட் போட்டும் ரோட்டிஃபரைப் பெருக்கலாம். ஆனால் ஈஸ்ட் தின்ற ரோட்டிஃபர் வெறும் கூடு. கடல் மீன் குஞ்சின் மூளைக்கும் கண்ணுக்கும் ஒமேகா-3 கொழுப்பு தேவை. அதைப் பாசியிலிருந்துதான் ரோட்டிஃபர் எடுத்துவர வேண்டும். நானோகுளோராப்சிஸுடன் ஐசோகிரைசிஸ் பாசியும் கிடைத்தால் இன்னும் நல்லது.

பசிக்கு அடுத்த எதிரி அம்மோனியா. இத்தனை உயிர்கள் சின்னத் தொட்டியில் கழிவு விடுகின்றன. கடல் நீரின் காரத்தன்மையில் அம்மோனியாவின் நஞ்சு கூடும். தினமும் அடியில் படிந்ததை ஏர் டியூப்பால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பமும் உப்பும் உள்ள புதிய நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். குழாயில் ஒரு முடிச்சுப் போட்டால் சொட்டு நிதானமாகிவிடும். சோதனைக் கிட் கையில் இருக்கட்டும். மின்சாரம் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் வேண்டும்.

ஆறேழு நாளானதும் ஆர்ட்டிமியாவைக் கொஞ்சமாகத் தொடங்கலாம். தூத்துக்குடி உப்பளங்களில்கூட வாழும் சின்ன உப்புநீர் உயிர் அது. உலர்ந்த முட்டையாக டப்பாவில் கிடைக்கும். உப்பு நீரில் காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரியும். ஓட்டை நீக்கிவிட்டு, பொரிந்த சூட்டோடு கொடுக்க வேண்டும். நேரமாக ஆகச் சத்து குறையும். ரோட்டிஃபரை ஒரேயடியாக நிறுத்தாமல் சில நாள் இரண்டும் சேர்ந்து போகட்டும். சின்ன வயிற்றுக்கு ஆர்ட்டிமியா அதிகமானால் செரிக்காமல் சாவு வரும்.

பட்டை விழும் நாள்

எட்டாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் லார்வா மீனாக மாறுகிறது. கண்ணாடிபோல இருந்த உடலில் நிறம் ஏறும். முதலில் தலைக்குப் பின்னால் வெள்ளைப் பட்டை விழும், அப்புறம் நடு உடலில். நடுநீரில் அலைந்தவை தரையையும் சுவரையும் ஒட்டி உடலை ஆட்டி ஆட்டி நீந்தத் தொடங்கும். கடலில் இருந்தால் சாமந்தி தேடும் பருவம் இது. இந்த மாற்றத்தில் பலவீனமானவை கழியும். தாண்டியவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இனி ஸ்பாஞ்ச் ஃபில்டரை மெதுவாக ஓடவிடலாம். நுணுக்கிய தீவனமும் பழக்கலாம்.

தொடங்கும் முன் யோசிக்க

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அங்கே கோமாளி மீனும் வாழ்கிறது. வீட்டுத் தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு குஞ்சும், பாறையிலிருந்து ஒரு மீனைப் பிடிக்க வேண்டிய தேவையைக் குறைக்கிறது. அந்தப் பயன் நிலைக்க வேண்டுமானால் தாய் மீனைப் பண்ணையிலிருந்தே வாங்க வேண்டும். வளர்த்ததைக் கடலில் விடக் கூடாது. பவளமும் கடற்குதிரையும் சட்டப் பாதுகாப்பு பெற்றவை. அவற்றைக் கடலிலிருந்து எடுத்துவந்து வளர்க்க நினைக்காதீர்கள். பிழைக்கும் குஞ்சுகள் யார் வீட்டுக்குப் போகும் என்பதையும் முன்பே யோசித்து வையுங்கள்.

நல்ல ஜோடி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முட்டையிடும். முதல் ஈட்டுக் குஞ்சுகளுக்குப் பட்டை விழுந்த மகிழ்ச்சியில் இருக்கும்போதே ஓட்டில் மறுபடி ஆரஞ்சு நிறம் தெரியும். அன்றைக்கு வாளியில் ரோட்டிஃபர் இருக்க வேண்டும். ஆகவே இதில் இறங்கும் நண்பர் யாராவது இருந்தால், உங்கள் வாளியிலிருந்து ஒரு பாட்டில் ரோட்டிஃபரை அவரிடம் கொடுத்து வையுங்கள். உங்கள் வாளி செத்துப்போகும் நாளில், பக்கத்து வீட்டில் உறை மோர் கேட்பதுபோல, அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.